தினமும் அலுவலகம் போய்வர மடக்கு சைக்கிள் ஒத்துவருமா?

வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர், இறங்கிய பிறகு அலுவலகத்துக்கு இன்னொரு இரண்டு. மடக்கு சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே தூரத்தை மூன்று வருடமாக நான் அப்படித்தான் கடக்கிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் ஓட்டிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மடக்கிப் பாருங்கள், ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

நான் அதைச் செய்யவில்லை. முதலில் வாங்கியது 13 கிலோ. ஓட்டும்வரை அந்த எடை தெரியவே இல்லை. நிலையத்தில் லிஃப்ட் பழுதான நாளன்றுதான் தெரிந்தது. நடுவில் இரண்டாக மடியும் வகை அது; மடக்கிய பிறகு இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சின்னக் காந்தம் மட்டுமே. பாதிப் படியில் காந்தம் விட்டுவிட்டது, முன்பாதி கதவுபோலத் திறந்து, பின்னால் ஏறிவந்தவரின் முழங்காலில் முட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதும். அன்று மாலையே ஒரு நாடா வாங்கிக் கட்டினேன். அடுத்த சைக்கிளை 11 கிலோவுக்குள் தேடினேன். மடக்கிய நிலையிலும் உருட்டிக்கொண்டு போக முடிகிறதா என்பதையும் பார்த்தேன். நீண்ட நடைமேடையில் அதன் அருமை புரியும்.

மடக்கியதும் செயின் எந்தப் பக்கம் வருகிறது என்றும் கவனியுங்கள். இரண்டாக மடியும் பலவற்றில் செயின் வெளிப்பக்கமே நிற்கும். வெளிர்நிறக் கால்சட்டை போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் எண்ணெய்க் கறை உங்களுக்கோ பக்கத்தில் நிற்பவருக்கோ நிச்சயம். பிராம்ப்டன் என்ற மடக்கு சைக்கிளில் செயின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்ளும். ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1970களில் லண்டனில் தன் வீட்டிலேயே அதை உருவாக்கினார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே அதற்கு வைத்தார். விலை மலைக்கவைக்கும், நான் வாங்கவில்லை. ஆனாலும் மடிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

‘சக்கரம் சின்னது, மிதித்து மிதித்தே கால் ஓய்ந்துவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். தவறு. பெடலோடு சுற்றும் முன்பல்சக்கரத்தைப் பெரிதாக வைத்து அதை ஈடுகட்டியிருப்பார்கள். முன்னால் 52 பல், பின்னால் 13 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 4 சுற்று; 20 அங்குலச் சக்கரத்தில் அது 6 மீட்டருக்கு மேல். சிக்னலில் நின்று கிளம்பும்போது சின்னச் சக்கரம் சட்டென்று வேகம் பிடிக்கும் என்பதால் ஊருக்குள் அது உண்மையில் வசதிதான். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய சக்கரம் உருண்டு தாண்டிவிடும் பள்ளத்தில் சின்னது இறங்கிவிடும். ஹேண்டில் பாரும் சற்றுத் துடுக்கானது. திரும்புவதற்காக ஒரு கையை எடுத்துச் சைகை காட்டினால் முதல் வாரம் தள்ளாடும். உங்கள் சாலை மோசமென்றால் 16 அங்குலத்தை விட்டுவிட்டு 20 அங்குலத்துக்குப் போங்கள், டயரும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும்.

டயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உண்டு: 406, 451. இது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 16 அங்குலத்திலும் 305, 349 என்று இதே குழப்பம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் மாற்று டயர் வாங்கிவந்து, அரைநாள் மல்லுக்கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவன் நான். ஒரு கிலோமீட்டருக்கு 26 அங்குலச் சக்கரம் 480 சுற்றுப் போல சுற்றினால் 20 அங்குலச் சக்கரம் 640 சுற்று சுற்றும். ஆகவே டயர் சீக்கிரம் தேயும், மாற்ற வேண்டிய நாள் வந்தே தீரும்.

கீலின் பூட்டை மட்டும் அசட்டை செய்யாதீர்கள். விரித்ததும் ஹேண்டில் தண்டின் பூட்டு, நடுச்சட்டத்தின் பூட்டு இரண்டையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பாரை முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’ என்று கேட்கிறதா? பூட்டின் திருகு தளர்ந்திருக்கலாம், இறுக்காமல் ஓட்டாதீர்கள். சீட் தண்டிலும் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்குச் சீட்டை உயர்த்தக் கூடாது. நீளமான தண்டு என்பதால் அடிப்பாகத்தில் விழும் விசை அதிகம்.

ரயிலில் ஏற்றலாமா என்பதை வாங்குவதற்கு முன்பே நிலையத்தில் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் உறை போட்டால்தான் விடுவார்கள், நெரிசல் நேரத்தில் உறை போட்டாலும் விடாத இடங்களும் உண்டு. இரண்டு முனையிலும் பத்திரமாக நிறுத்த இடம் இருந்து, முழுத் தூரத்தையும் சைக்கிளிலேயே போகிறவர் என்றால் இந்த மடிப்பெல்லாம் வீண் செலவு. சாதாரண சைக்கிளே சுகம்.

என்னுடையது இதை எழுதும்போது என் மேசைக்கு அடியில் இருக்கிறது. கால் நீட்ட இடமில்லை. ஆனால் மூன்று வருடத்தில் இன்னும் ஒரு பூட்டுகூட நான் வாங்கவில்லை.