ஒற்றைத் தலைவலிக்கு அக்குபங்சர்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. பல வருடங்களாக ஒற்றைத் தலைவலி. மாதத்தில் எட்டு நாளாவது படுத்துகிறது. அது வராமல் தடுக்க புரோப்ரனோலால் மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை சாப்பிடுகிறேன். அக்குபங்சர் செய்துகொள்ளப் போனால், 'இன்றோடு மாத்திரையை நிறுத்துங்கள், அப்போதுதான் ஊசி வேலை செய்யும்' என்கிறார்கள். நிறுத்தலாமா? இந்தச் சிகிச்சையில் பலன் உண்டா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். புரோப்ரனோலாலைத் திடீரென விட்டால், அது அடக்கி வைத்திருந்த இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். படபடப்பு, நடுக்கம் வரும். இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பே வரலாம். குறைக்க வேண்டுமானால், அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் ஊசி வேலை செய்யாது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

பலன் உண்டு, ஆனால் அளவோடு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் சர்வதேச அமைப்பான காக்ரேன் 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 22 ஆய்வுகளை, ஏறக்குறைய 5,000 பேரின் விவரங்களோடு அலசியது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 17 பேருக்கு வலி வருவது பாதியாகக் குறைந்தது; அக்குபங்சரும் செய்துகொண்டவர்களில் 41 பேருக்கு. ஆனால், பெயருக்கு ஊசி போடும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் சுருங்கிவிட்டது: போலிச் சிகிச்சையில் 100க்கு 41 பேருக்கு வலி பாதியானது, உண்மையான அக்குபங்சரில் 50 பேருக்கு. இன்ன புள்ளியில்தான் குத்த வேண்டும் என்பதைவிட, ஊசி தரும் தூண்டல், படுத்து ஓய்வெடுப்பது, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவற்றுக்குப் பங்கு அதிகம் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கு வலி குறைந்தால் அது நல்லதுதான். 'அடியோடு போய்விடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தொடங்கும் முன் நான்கு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்தெந்த நாள் வலி, எந்தெந்த நாள் வலி மாத்திரை. இரண்டாவது கணக்கு மிக முக்கியம். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலி வந்ததும் சாப்பிடும் டிரிப்டான் வகை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் அதிகமாகச் சாப்பிட்டு வந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எத்தனை ஊசி குத்தினாலும் பயனில்லை. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் 5 முதல் 8 வாரங்களில் 10 அமர்வுகள் வரை போதும் என்கிறது. அதற்குள் எட்டு நாள் ஐந்தாகக்கூடக் குறையவில்லையென்றால் விட்டுவிடுங்கள். இன்னும் பத்து அமர்வு என்று நீட்டிக்கொண்டே போகாதீர்கள்.

ஊசிகள் முடியைவிடச் சில மடங்கு தடிமனானவை, பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மி.மீ. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியா, உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கிறார்களா என்று பாருங்கள். குத்தியதும் மந்தமான, கனத்த வலி இருப்பது இயல்பு. மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று ஓடினால் நரம்பில் பட்டிருக்கலாம். உடனே சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், உட்கார்ந்தபடி குத்திக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் மாத்திரையும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதால், படுத்தே இருந்து முடிந்ததும் மெதுவாக எழுந்திருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவதையும் கர்ப்பத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறை கூடாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது தோள்பட்டையின் மேல்பகுதி. தலைவலிக்கு அங்கே குத்துவது வழக்கம். மெலிந்த உடம்பில் தோலிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. ஆழத்திலேயே நுரையீரலின் உறை வந்துவிடும். ஊசியோ 2.5 முதல் 4 செ.மீ. நீளம். செங்குத்தாக ஆழமாக இறக்கினால் உறை துளைபட்டு நுரையீரல் சுருங்கலாம். அரிதுதான், ஆனால் வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரும். மூச்சு வாங்கினாலோ மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய், ஊசி போட்டதைச் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள்.

திடீரென உச்சத்தில் தாக்கும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குளறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், இவற்றில் எது வந்தாலும் அக்குபங்சருக்குப் போகாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.