குரல்வளை அகற்றப்பட்ட என் அப்பாவுக்குக் கையால் மூடாமல் பேச உதவும் வால்வு வாங்கலாமா? நாள் முழுவதும் பேச முடியுமா?

வாங்கலாம். ஆனால் இப்போது அவர் மூச்சு விடும் கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு எப்படிப் பேசுகிறார் என்பதை முதலில் கவனியுங்கள்.

எனக்குக் குரல்வளையை எடுத்து ஆறு வருடங்கள் ஆகின்றன. பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளன் நான். புடவையை விரித்துக் காட்ட இரண்டு கைகளும் வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் குரல் திரும்பி வந்தபோதும், விலை சொல்வதற்குக்கூட முந்தானையை விட்டுவிட்டுக் கழுத்தைத் தொட வேண்டியிருந்தது. பார்ப்பவரின் கண்ணும் புடவையை விட்டு என் கழுத்துக்கு வந்துவிடும். அதனால்தான் இந்த வால்வைத் தேடிப் போனேன்.

இங்கே இரண்டு வால்வுகள் இருக்கின்றன, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று உள்ளே, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே இருப்பது. ப்ளாம், சிங்கர் என்ற இருவர் 1980 வாக்கில் அறிமுகப்படுத்திய முறை அது. பெங்களூருவில் மருத்துவர் விஷால் ராவ் மிகக் குறைந்த விலையில் உருவாக்கிய 'ஓம்' கருவியும் இந்த உள்வால்வுதான். நீங்கள் கேட்பது வெளிவால்வு. துளையைச் சுற்றி ஒட்டும் தட்டின் மேல் பொருத்துவது. அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. சாதாரணமாக மூச்சு விடும்போது அது திறந்தே இருக்கும். சற்று வேகமாகக் காற்றை வெளியே விட்டால் மூடிக்கொள்ளும். காற்று உள்வால்வு வழியாக உணவுக்குழாய்க்குப் போய்க் குரலாகும். மூச்சை உள்ளே இழுத்தால் மறுபடியும் திறக்கும். விரல் செய்த வேலையைச் சவ்வு செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் விரல் காற்று கசியாமல் அழுத்திப் பிடிக்கும். இங்கே அந்தப் பொறுப்பு முழுவதும் பசையின் மேல் விழுகிறது. முதல் வாரமே ஒரு கல்யாண வீட்டார் கூட்டமாக வந்தார்கள். இரைச்சலுக்கு மேல் கேட்கவேண்டும் என்று உரக்கப் பேசினேன். 'புஸ்' என்று தட்டின் கீழ் ஓரம் பிளந்து, சளியோடு காற்று பீறிட்டது. குரல் பாதியில் நின்றுபோனது. அன்று மிகவும் மனம் உடைந்தேன். பேச்சுப் பயிற்சியாளரிடம் போனபோது, "கிசுகிசுப்பது போல நினைத்துக்கொண்டு பேசுங்கள், நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு எடுங்கள்" என்றார். அந்த ஒரு பாடம்தான் என்னைக் காப்பாற்றியது. அழுத்தம் குறையக் குறைய ஒட்டு நிற்கும் நேரம் கூடுகிறது. இப்போது எனக்கு ஐந்தாறு மணி நேரம் தாங்குகிறது. சித்திரை வெயிலில் மூன்றே மணி நேரம். நாள் முழுவதும் என்பதை நான் எதிர்பார்ப்பதில்லை. ஒட்டு விட்டுவிட்டால் விரலுக்குத் திரும்பிவிடுவேன்.

அதனால்தான் அப்பாவின் விரல் பேச்சைப் பார்க்கச் சொன்னேன். லேசாக மூடியதுமே குரல் வந்தால் நல்ல அறிகுறி. முகம் சிவக்க முக்கிப் பேசுகிறார் என்றால் தொண்டைத் தசை இறுகியிருக்கலாம். அதைத் தளர்த்தப் பயிற்சியும் ஊசியும் இருக்கின்றன. மருத்துவரிடம் காட்டிவிட்டு வால்வைப் பற்றி யோசியுங்கள். துளை மிகவும் குழிந்திருந்தாலும் தட்டு ஒட்டாது. சிலருக்குத் துளைக்குள்ளேயே செருகும் சிலிக்கோன் குழாய் அதைவிட நன்றாகப் பொருந்துகிறது.

ஒட்டும் விஷயத்தில் அவசரமே கூடாது. காலையில் ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சிலிக்கோன் பசையை மெல்லிசாகத் தடவி, அது பிசுபிசுக்கும் வரை மூன்று நான்கு நிமிடம் காத்திருப்பேன். தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கிய பிறகே ஒட்டுவேன். அதன்பின் அரை மணி நேரம் வாய் திறப்பதில்லை. வீட்டில் அதற்குப் பழகிவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் எத்தனை சோப்புப் போட்டாலும் சரியாகப் பிடிக்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைக் கடை விடுமுறை நாளுக்கு மாற்றிக்கொண்டேன். கழுத்தில் விபூதி பூசும் வழக்கத்தையும் நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன். தோல் சிவந்து எரிந்தால் புண் ஆறும் வரை ஒட்டவே கூடாது.

சவ்வு மெல்லியதாக இருந்தால் எளிதில் மூடும், பேசச் சுலபம். ஆனால் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போதும் மூடிக்கொண்டு திணறவைக்கும். என் கருவியில் தலைப்பகுதியைத் திருப்பினால் சவ்வு திறந்தபடியே நிற்கும். நடக்கும்போது அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன். இருமல் வருவது தெரிந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். தூங்கும்போது இந்த வால்வு இருக்கவே கூடாது. மூச்சை ஈரப்படுத்தும் சாதாரண கேசட்டைப் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். கேசட், தட்டு, பசை மூன்றும் தீரத் தீர வாங்கவேண்டியவை. வால்வின் விலையை மட்டும் பார்க்காமல் மாதச் செலவையும் கேட்டுவிடுங்கள்.

அப்பா இரண்டு கைகளும் தேவைப்படும் வேலை எதையாவது விரும்பிச் செய்கிறவரா? அப்படியானால் முதல் மாதம் அந்த வேலை செய்யும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் போட்டுப் பழகட்டும்.