சாட்சிகள் போலீசில் ஒன்று, கோர்ட்டில் ஒன்று சொல்வது ஏன்? எல்லாரும் விலை போனவர்கள்தானா?

இல்லை. பிறழ் சாட்சி என்றாலே ஒன்று பணம், இல்லையென்றால் பயம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கேள்வியின் தொனியைப் பார்த்தால், உங்களுக்கு வேண்டியவர் வழக்கில் யாரோ கூண்டில் ஏறி "சரியா ஞாபகம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்று தோன்றுகிறது. வக்கீல்கள் கமெண்டில் பாய்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: பணமும் மிரட்டலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யாரும் விலை பேசாமல், யாரும் மிரட்டாமல்கூட வாக்குமூலம் மாறும். அப்படி மாறுவதற்கான விதை, போலீஸ் முதன்முதலில் கேள்வி கேட்ட அந்தச் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடுகிறது. தடயவியல் உளவியலில் நாற்பது வருடங்களுக்கு மேலாக நடக்கும் சாட்சி விசாரணை ஆய்வுகள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

அந்த வாக்குமூலம் எப்படி உருவாகிறது என்று முதலில் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியில் பிரிவு 161, 1.7.2024 முதல் அதன் இடத்தில் வந்த பிஎன்எஸ்எஸ்ஸில் பிரிவு 180. பேச்சுவழக்கில் இன்றும் 161 ஸ்டேட்மெண்ட்தான். சாட்சி பேசுவார், ரைட்டர் எழுதுவார் அல்லது டைப் அடிப்பார். சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். ஒரு பூக்கார அம்மா "கருப்பா ஒரு வண்டி வந்துச்சு, ரெண்டு பேரு, பின்னாடி இருந்தவன் கையில என்னமோ வச்சிருந்தான்" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அது "மேற்படி நபர்கள் இருவரும் கருப்பு நிற இருசக்கர வாகனத்தில் வந்து, பின்னால் அமர்ந்திருந்த நபர் தன் கையில் வைத்திருந்த அரிவாளால்" என்று வளரும். 'என்னமோ' அரிவாளாகிவிட்டது. நாலு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் "அரிவாளைப் பார்த்தீர்களா?" என்றால் அந்த அம்மா மறுபடியும் "என்னமோ வச்சிருந்தான்" என்பார். முதல் நாளிலிருந்து அவர் ஒரே பேச்சுத்தான் பேசியிருக்கிறார். மாறியது காகிதம்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். கோர்ட்டில் "நீலச் சட்டை" என்பார். 161இல் அது இருக்காது. "போலீஸ் விசாரணையில் நான் இதைச் சொல்லவில்லை என்றால் சரியல்ல" என்று அவர் சாட்சியம் பதிவாகும், அதாவது போலீசிடமும் சொன்னேன் என்கிறார். பிறகு ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) கூண்டேறி "அப்படி அவர் சொல்லவில்லை" என்பார். முக்கியமான ஒன்றை விட்டிருந்தால் அதையே முரண்பாடாகக் கொள்ளலாம் என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பே இடம் தருகிறது. அந்த அம்மாவிடம் சட்டையைப் பற்றி யாராவது கேட்டார்களா, அவர் சொன்னபோது பேனா எழுதியதா என்பது எங்கேயும் பதிவாவதில்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. 1987இல் உளவியலாளர்கள் ஃபிஷர், கைசல்மேன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் மயாமி பகுதி துப்பறிவாளர்கள் நிஜ சாட்சிகளிடம் நடத்திய 11 விசாரணைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டார்கள். "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சாட்சி வாயைத் திறந்து சராசரியாக 7.5 விநாடியில் குறுக்கே கேள்வி விழுந்திருக்கிறது. தடங்கலே இல்லாமல் சொல்லி முடிக்க விட்டது பதினொன்றில் ஒரே ஒரு விசாரணையில்தான். 7.5 விநாடி எவ்வளவு என்று வாய்விட்டு எண்ணிப் பாருங்கள்; பூக்கார அம்மா "கருப்பா ஒரு வண்டி வந்துச்சு" என்பதைத் தாண்டியிருக்க மாட்டார். ரெண்டு மூன்று தடவை இப்படி வெட்டுப்பட்டால் சாட்சி ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுவார்: கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் சுருக்கமாக. அதற்குப் பிறகு நீங்கள் கேட்கத் தவறிய எதுவும் வெளியே வராது.

கேள்வியின் சொல்லும் நினைவை மாற்றும். உளவியலாளர்கள் லாஃப்டஸ், பாமர் இருவரும் 1974இல் செய்த சோதனை இதற்குப் பிரபலம். கார்கள் மோதும் படத்தைக் காட்டி "எவ்வளவு வேகம்?" என்று கேட்டார்கள், வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். 'இடித்தபோது' என்ற அளவில் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 34 மைல் என்றார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்ற தொனியில் கேட்கப்பட்டவர்கள் 40.8 என்றார்கள். அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, 'நொறுங்கிய' குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், 'இடித்த' குழுவில் 7 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. தமிழில் நமக்கு இதற்கு ஒரு முழு வினைச்சொல்கூட வேண்டாம், ஒரு 'தானே' போதும். "அவன் கையில அரிவாள்தானே இருந்துச்சு?" பதில் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. "ஓடினது எத்தனை பேரு?" என்பதும் அப்படித்தான், ஓடினார்கள் என்று யார் சொன்னது?

சரி, எப்படித்தான் கேட்பது? ஃபிஷரும் கைசல்மேனும் 1984இலிருந்து உருவாக்கிய அறிதிறன் நேர்காணல் என்ற முறை இருக்கிறது. ஒத்துழைக்கிற சாட்சிக்கு மட்டும். சந்தேக நபரிடம் இதை அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள்.

முதல் வேலை ஆட்களைப் பிரித்து உட்கார வைப்பது, செல்போனை அணைப்பது, ரெக்கார்டரை ஓடவிடுவது. ஒலி, ஒளிப்பதிவுக்குச் சட்டம் இடம் தருகிறது. பதிவு ஓடினால் எழுதுவதற்காகக் குறுக்கே நிறுத்த வேண்டியிருக்காது. அடுத்து, பேசும் பொறுப்பை சாட்சி கையில் கொடுக்க வேண்டும். "நான் அங்கே இல்லீங்க, நீங்கதான் இருந்தீங்க. நான் கேட்பேன்னு காத்திருக்க வேண்டாம். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க, ஊகிக்க வேண்டாம்." இதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும். யூனிஃபார்ம் எதிரில் உட்கார்ந்த நம் ஆட்களுக்கு 'தெரியாது' என்பது தப்பான பதில் மாதிரி தோன்றும். எதையாவது சொல்லி அதிகாரியைத் திருப்திப்படுத்தப் பார்ப்பார்கள்.

பிறகு சூழலை மனதில் மீட்பது. கண்ணை மூடச் சொல்லலாம். "அன்னைக்கு அந்த இடத்துக்குப் போங்க. எங்க நின்னீங்க. வெயில் எந்தப் பக்கம். என்ன சத்தம் கேட்டுச்சு. மனசுல என்ன ஓடிட்டிருந்துச்சு." ஒவ்வொன்றுக்கும் நடுவே சில விநாடி நிறுத்த வேண்டும். இதற்கெல்லாம் வாயால் பதில் வாங்கக் கூடாது, காட்சி எழும்புவதற்காக மட்டும். பயிற்சி எடுத்தவர்களே சொதப்புவது இங்கேதான்: கடகடவென்று மந்திரம் மாதிரி ஒப்பித்துவிடுவார்கள், அல்லது "டீக்கடை வாசல்லதானே நின்னீங்க?" என்று தாங்களே காட்சியை வரைந்து கொடுத்துவிடுவார்கள்.

அப்புறம் "முக்கியமில்லைன்னு நீங்க நினைக்கிறதையும் விடாம சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சாட்சி நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்வி வேண்டாம். அந்த மௌனத்தில் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். தாங்க முடியாவிட்டால் "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை. தமிழில் இதைவிடச் சுத்தமான விசாரணைக் கேள்வி கிடையாது, எதையும் திணிக்காது.

துருவும் கேள்விகள் அதற்குப் பிறகுதான். அவையும் சாட்சியின் வரிசையில் போக வேண்டும், ஐ.ஓ.வின் படிவ வரிசையில் இல்லை. வண்டியின் பின்பக்கம் மனதில் இருக்கும்போது வண்டியைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். வண்டி, முகம், மறுபடி வண்டி என்று இழுத்தால் காட்சி கலைந்துவிடும். "சட்டை நீலமா பச்சையா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது, பார்க்காதவரும் ஒன்றைச் சொல்லிவிடுவார். "சட்டையைப் பத்தி சொல்லுங்க" போதும். கடைசியில், ஞாபகம் இருக்கிற கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி ஒருமுறை சொல்லச் சொல்லலாம். வழிப்பறி என்றால் இப்படித்தான் நடக்கும் என்று நம் மனதில் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. முன்னோக்கிச் சொல்லும்போது அந்தக் கதை இடைவெளிகளை நிரப்பிவிடும், பின்னோக்கிப் போகும்போது அதன் பிடி தளரும். வேறொருவர் கோணத்திலிருந்து பார்க்கச் சொல்வதும் மூல முறையில் உண்டு. ஆனால் அது ஊகத்துக்கு வழி விடும் என்று பலர் கைவிட்டுவிட்டார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

பலன் என்ன? 1985 ஆய்வில் வழக்கமான விசாரணையில் சராசரியாக 29.4 சரியான தகவல்கள் வந்த இடத்தில் இந்த முறையில் 41.2 வந்தன. ஹிப்னாடிசம் செய்த குழுவுக்கு 38. தவறான தகவல்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளில் பிழைகளும் கொஞ்சம் கூடுவது தெரிந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1989இல் மயாமி துப்பறிவாளர்களில் 7 பேருக்குப் பயிற்சி கொடுத்தபோது, அவர்கள் நிஜ சாட்சிகளிடமிருந்து பெற்ற தகவல் பயிற்சிக்கு முன்பைவிட 47 சதவீதம் கூடியது. பிரிட்டன் தவறான தண்டனைகளில் சூடுபட்டு (குண்டுவெடிப்பு வழக்கில் தவறாகத் தண்டிக்கப்பட்ட 'பர்மிங்ஹாம் சிக்ஸ்' என்ற ஆறு பேர் 1991இல்தான் வெளியே வந்தார்கள்) 1992 வாக்கில் பீஸ் என்ற விசாரணை முறைக்கு மாறியது. இந்த உத்தியும் அதில் சேர்ந்தது.

"பந்தோபஸ்துக்கும் சம்மனுக்கும் ஓடுறவனுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று காவல்துறையில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயம். பத்துப் பேர் பார்த்த சம்பவத்தில் பத்துப் பேரையும் இப்படி விசாரிக்க முடியாது. அதற்காகவே 2009இல் காபர்ட், ஹோப், ஃபிஷர் மூவரும் சாட்சி தானே எழுதிக்கொள்ளும் படிவம் ஒன்றைச் செய்தார்கள். சூழலை மீட்கும் குறிப்பு, பார்த்ததை எழுத இடம், நின்ற இடத்தை வரைய இடம், அவ்வளவுதான். சாட்சிகள் டீ குடித்தபடி "நீ பார்த்தியா, நான் பார்த்தேன்" என்று பேசித் தீர்ப்பதற்கு முன்பு அதைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் அந்தப் பேச்சு பெரிய விஷம். இதே காபர்ட் 2003இல் செய்த சோதனையில், ஒரே சம்பவத்தை வெவ்வேறு கோணத்தில் எடுத்த இரண்டு வீடியோவை ஜோடிகளுக்குக் காட்டினார். ஒரு கோணத்தில், வீடியோவில் வரும் பெண் பணப்பையிலிருந்து 10 பவுண்டு நோட்டை எடுப்பது தெரியும், மற்றதில் தெரியாது. ஜோடியாகப் பேசிக்கொண்ட பிறகு 71 சதவீதம் பேர் தாங்கள் பார்க்கவே முடியாத ஏதாவது ஒரு தகவலையாவது பார்த்ததாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பினார்கள். கோர்ட்டில் மூன்று சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் வலுவான வழக்கு என்கிறோம். அந்த மூன்று பேரும் எங்கே உட்கார்ந்து பேசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. யூட்யூபில் 'உடல்மொழி நிபுணர்கள்' என்று கிளம்பியிருக்கிறார்களே, மூக்கைத் தொட்டான், கண்ணைத் தாழ்த்தினான், ஆகவே பொய் என்று. பாண்டும் டிபாலோவும் 2006இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொய்யையும் உண்மையையும் பார்த்தே பிரிப்பதில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம், காசு சுண்டிப் போட்டால் 50. பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்து என்று வளர்த்துவிட்டு, எஸ்.ஐ. முன்னால் கண்ணைத் தாழ்த்தினால் திருடன் என்பது என்ன நியாயம்? சந்தேக நபரிடம் பலன் தருவது வேறு வேலை: ஆதாரத்தை மேசையில் போடாமல் முதலில் அவர் கதையை முழுதாகச் சொல்ல விட்டு, ஆதாரம் தொடும் இடங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் காட்டுவது. 2006இல் ஹார்ட்விக் குழுவினர் ஸ்வீடனில் போலீஸ் பயிற்சி பெற்றுவந்தவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது, பொய்யையும் உண்மையையும் 85.4 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள், கற்காதவர்கள் 56.1. மூக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அடையாள அணிவகுப்பை, அதாவது சந்தேக நபரை வேறு சிலரோடு நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வதை, தொடாமல் முடிக்க முடியாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984இல் ஒரு பாலியல் வன்முறை வழக்கு. பாதிக்கப்பட்ட பெண் முதலில் புகைப்படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைக் காட்டினார், பிறகு நேர் அணிவகுப்பிலும் அவரையே. போட்டோவில் காட்டிய அதே ஆள்தான் என்று போலீசார் அவரிடம் சொன்னார்கள். அதோடு அவர் சந்தேகம் போய்விட்டது. உண்மைக் குற்றவாளி பாபி பூலை 1987இல் கோர்ட்டிலேயே நேரில் காட்டியபோது அவரால் அடையாளம் காண முடியவில்லை. காட்டன் பத்து வருடங்களுக்கு மேல் சிறையில் இருந்து, டிஎன்ஏ சோதனைக்குப் பிறகு 1995இல் வெளியே வந்தார். "சரியான ஆளைத்தான் காட்டினீங்க" என்ற ஒரு வரி சாட்சியின் உறுதியை எப்படி ஊதிப் பெருக்குகிறது என்பதை 1998இல் வெல்ஸ், பிராட்ஃபீல்ட் இருவரும் சோதித்தே காட்டினார்கள். எவ்வளவு நேரம் முகத்தைப் பார்த்தேன், எவ்வளவு தெளிவாகப் பார்த்தேன் என்ற நினைவும் சேர்ந்தே உயர்ந்தது.

அதனால் அணிவகுப்பை நடத்துபவருக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது. "அந்த ஆள் இதில் இல்லாமலும் இருக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். காட்டிய கையோடு, வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள், எவ்வளவு நிச்சயம் என்று கேட்டு அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "அவன் மாதிரிதாங்க இருக்கு" என்றால் "அவன் மாதிரிதாங்க இருக்கு" என்று எழுதுங்கள், "எதிரியை அடையாளம் காட்டினார்" என்று எழுதாதீர்கள்.