மீசை, மாஸ்க், நுளம்பு வலை: புதுசா வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, கனடாவில ஸ்காபரோவுக்கு வந்து 8 மாசம், நித்திரைச் சோதனையில மணித்தியாலத்துக்கு 34 தரம் மூச்சு நிக்குது இல்லாட்டிக் குறையுது எண்டு வந்திருக்கு (ஸ்லீப் அப்னியா எண்டு சொல்லுற வருத்தம்), மாஸ்க்கால காத்தை அமுக்கி விடுற சீபாப் மெசின் தந்திருக்கினம், ஆனா ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிப் பாத்தா மாஸ்க் தலகணிக்குப் பக்கத்தில கிடக்குது எண்டு எழுதியிருந்தீர். பேஸ்மென்ற்றில கூட இருக்கிற பெடியள் சிரிக்கினம், ஊருக்குப் போகேக்க இதையும் காவ வேணுமோ எண்டும் கேட்டிருந்தீர். நான் இங்க வந்து 27 வருசம். கடைசி 11 வருசம் இந்த மெசினோடதான் படுக்கை. முதல் மாசம் நானும் உம்மைப்போலதான், எப்ப கழட்டினன் எண்டே தெரியாது.

எங்கட யாழ்ப்பாணத்து ஊரில குறட்டையை ஆர் வருத்தமெண்டு பாத்தது? அப்பா மத்தியானம் சாப்பிட்டிட்டு விறாந்தையில சாய்மனைக் கதிரையில சரிஞ்சா, சத்தம் ஒழுங்கை முகப்பு வரைக்கும் கேக்கும். இடையில டக்கெண்டு நிண்டிடும். நானும் தங்கச்சியும் ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணுவம். இருபது வரைக்கும் போன நாளும் இருக்கு. பிறகு மூச்சை இழுத்துத் திடுக்கிட்டுத் திரும்பிப் படுப்பார். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. கோயில் பிரசங்கத்தில குந்தின உடனே தூங்கி விழுவார், பக்தியில்லாத மனுசன் எண்டு அம்மா ஏசுவா. இங்க சோதனைக்கூடத்தில எனக்கு விளங்கப்படுத்தேக்கதான் நாங்கள் என்னத்தை எண்ணிக்கொண்டு இருந்தனாங்கள் எண்டு தெரிஞ்சுது. மூச்சு 10 செக்கனோ அதுக்குக் கூடவோ நிண்டால், இல்லாட்டி நல்லாக் குறைஞ்சால், அதை ஒண்டெண்டு எண்ணுவினம். மணித்தியாலத்துக்கு 30க்கு மேல எண்டால் கடுமையான நிலை. உம்மட கணக்கு 34. பெடியளின்ர பகிடிக்காக மெசினைப் பெட்டிக்குள்ள வையாதையும். உம்மட குறட்டையோட பாத்தா அதின்ர இரைச்சல் ஒரு சத்தமே இல்லை, ரெண்டு கிழமையில அவங்களே உமக்கு நன்றி சொல்லுவாங்கள்.

இனிக் கழட்டி எறியிற விசயம். முதல்ல மாஸ்க் சரியோ எண்டு பாரும். எனக்குத் தந்தது மூக்கையும் வாயையும் சேத்து மூடுற பெரிய மாஸ்க். எனக்கோ நல்ல அடர்த்தியான மீசை. மயிருக்கு மேல ரப்பர் எங்க ஒட்டும்? காத்துக் கசிஞ்சு கண்ணுக்க அடிக்கும். நான் வாரை இறுக்க, மூக்குத் தண்டு புண்ணாகிப் போச்சு. வித்த இடத்தில கேட்டா, "பழகிப் போகும்" எண்டாங்கள். ஒண்டரை மாசம் வீணாப் போச்சு. வேற இடத்தில ஒரு பிள்ளை முகத்தை அளந்து பாத்திட்டு, மூக்குத் துவாரத்தில மட்டும் பொருந்திற சின்ன மாஸ்க்கைத் தந்தா. மீசையும் தப்பிச்சுது, நித்திரையும் வந்தது. வாய் திறந்து படுக்கிற ஆளுக்கு இது சரிவராது, காத்தெல்லாம் வாயால போயிடும். அதனால மாத்திப் பாக்கேலுமோ எண்டு இப்பவே கேளும். பெரும்பாலும் முதல் கொஞ்ச நாளைக்குள்ள மாத்தித் தருவினம், பிந்தினால் கரைச்சல்.

அடுத்தது, படுக்கையில வைச்சுப் பழகப் பாக்காதையும். பின்னேரம் முழிச்சிருந்து ஊர்ச் செய்தி பாக்கேக்க அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டிரும். வாயை மூடி மூக்கால மூச்சு விடும். இந்த மெசினுகள் வேலை செய்யிறது 4 சென்ரிமீற்றர் தண்ணி அமுக்கத்தில இருந்து 20 வரைக்கும்தான். ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழாயை விட்டு ஊதிக் குமிழி எழுப்பிப் பாரும், அவ்வளவு பலம்தான். தொண்டைத் தசை சரிஞ்சு வழியை அடைக்காமல் அந்தக் காத்து தாங்கிப் பிடிக்குது. அமுக்கத்தை மெல்ல மெல்ல ஏத்திற ஒரு வசதியும் இருக்கும், ராம்ப் எண்டு சொல்லுறது, அதைப் போட்டுவிடச் சொல்லி மெசின் தந்த இடத்தில கேளும். காத்தை விழுங்கி வயிறு ஊதினாலும் அவையிட்டச் சொல்லும். அமுக்கத்தை நீரா மாத்தாதையும். இரவு வேலை முடிச்சுப் பகலில படுத்தாலும் போடத்தான் வேணும்.

காசைப் பற்றி: ஒன்ராறியோ அரசாங்கம் தான் அங்கீகரிச்ச விலையில 75 வீதம் தரும், மிச்சத்துக்கு வேலையிடத்துக் காப்புறுதியைக் கேளும்.

ஊர்ப் பயணத்துக்கு வருவம். கைப்பையிலேயே கொண்டுபோம், பெட்டிக்குள்ள போடாதையும், ஏத்த முதல் மெசினில காத்தை ஈரமாக்கிற தண்ணித் தொட்டியை வடிவா வெறுமையாக்கும். மின்பெட்டியில 100–240 வோல்ற் எண்டு போட்டிருந்தால் ஊர்க் கரண்டுக்குச் சரி, பிளக் மாத்திறதுதான் வேணும். எங்கட பழைய வீட்டில உருண்டைக் கால் மூண்டு உள்ள பிளக்தான் போகும். இங்க மாரியில ஹீற்றர் காத்து மூக்கைக் காய வைக்கிறதால ஈரமாக்கிற தொட்டி இல்லாமல் ஏலாது. ஊர்ப் புழுக்கத்துக்கு நான் அதைப் போடுறதே இல்லை. போடத்தான் வேணுமெண்டால் கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி கேத்திலுக்கு என்ன செய்யுது எண்டு உமக்குத் தெரியும்தானே, காய்ச்சி வடிச்ச தண்ணியாப் பாத்து வாங்கும்.

2022 பங்குனிக் கடைசியில நான் அங்க நிக்கேக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. தலைமாட்டை உயர்த்தி, ஒருக்களிச்சுப் படுத்துச் சமாளிச்சன். இப்ப சின்ன பற்றரி ஒண்டு வைச்சிருக்கிறன். 100 வாற்-மணிக்குக் கீழ எண்டால் விமானத்துக்குள்ள கையில கொண்டு போகலாம், அதுக்கு மேல எண்டால் முதலே விமானக் கொம்பனியைக் கேட்க வேணும்.

நுளம்புத் திரியைக் கட்டிலுக்குக் கிட்ட கொளுத்த விடாதையும். மெசின் அறைக் காத்தைத்தான் இழுக்குது, திரிப் புகை நேர மூக்குக்க வரும். வலை கட்டி, ட்யூப்பை அடியால விடும். உரும்பிராய்ச் செம்மண் தூசுக்கு என்ர பில்டர் ஒரு கிழமையிலேயே நிறம் மாறிப் போச்சு, ரெண்டு மூண்டு கூடக் கொண்டுபோம்.

ஒண்டுக்குத்தான் என்னட்ட மருந்தில்லை. முதல் இரவு அம்மா என்னை அந்தக் கோலத்தில கண்டிட்டு, "ஐயோ, ஒக்சிசன் வைக்கிற அளவுக்கு வந்திட்டுதோ" எண்டு அழத் தொடங்கீட்டா. இது ஒக்சிசன் இல்லையம்மா, சும்மா காத்துத்தான் எண்டு எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை. விடிய எட்டு மணிக்குள்ள பக்கத்து வீட்டு மாமி நெஸ்டமோல்ட் பக்கெற்றோட வருத்தம் பாக்க வந்திட்டா. ரெண்டு நாளில மூண்டு பக்கெற் சேந்துது. நீர் போக முதலே வீட்டுக்குப் போன் எடுத்து விளங்கப்படுத்தும்.

இப்ப எந்த மாதிரி மாஸ்க் தந்திருக்கினம் எண்டு எழுதும். மீசை இருக்கோ எண்டதையும் எழுதும்.