எலக்ட்ரானுக்கு என்ன வேலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விண்கலத்தை மின்சாரத்தால் உந்தும் ஹால் உந்திகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். செனான் வாயுவின் அயனிகள் பின்னால் பாய்கின்றன, விண்கலம் முன்னால் நகர்கிறது. அதுவரை புரிகிறது. அயனியின் எடைக்கு முன்னால் எலக்ட்ரான் தூசு. அதற்குப் போய் இத்தனை பத்திகளா? மின்சுமையைச் சமன் செய்வது தவிர அதற்கு வேறு வேலை உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தூசுதான். ஒரு செனான் அயனிக்கு ஈடாக ஏறத்தாழ 2,40,000 எலக்ட்ரான்களைத் தராசில் வைக்க வேண்டும். ஆனால் அந்த அயனி எதை உதைத்துக்கொண்டு கிளம்புகிறது என்று யோசித்தீர்களா? சாதாரண ராக்கெட்டில் வாயு சுவரைத் தள்ளுகிறது. இங்கே அயனி அப்படிச் சுவரைத் தள்ளுவதில்லை. மின்புலம் அயனிகளை வெளியே இழுக்கும்போதே, எலக்ட்ரான்களை அதே விசையோடு எதிர்த்திசையில், உள்ளே இருக்கும் நேர்மின்வாயை நோக்கி இழுக்கிறது. அவற்றால் ஓட முடிவதில்லை. உந்தியின் வளைய வடிவக் குழிக்குக் குறுக்கே நிற்கும் காந்தப்புலம் பிடித்து நிறுத்துகிறது. செக்குமாடு போல வளையத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்தச் சுழல் மின்னோட்டம் காந்தச் சுருள்களைத் தள்ளுகிறது. சுருள்கள் கலத்தோடு பிணைந்தவை. கலத்துக்கு உந்துவிசை வந்து சேர்வது அந்தத் தூசு வழியாகத்தான். கட்டுரையில் இதை நான் சொல்லாமல் விட்டது பிழை.

அதே காந்தம் அயனியை ஏன் பிடிப்பதில்லை? எடைதான் காரணம். எலக்ட்ரான் மில்லிமீட்டர் அளவில் வளைகிறது. அயனியின் வளைவோ உந்தியைவிடப் பெரிது. 300 வோல்ட்டில் அது நொடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வெளியேறிவிடும். அந்த அயனியை உண்டாக்குவதும் சுற்றிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான்தான்: செனான் அணுவில் மோதி, அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கிறது.

இனித்தான் சிக்கல். சுற்றும் எலக்ட்ரான் எதிலாவது மோதினால் மட்டுமே காந்தப்புலத்தைக் கடந்து கொஞ்சம் உள்ளே நகர வேண்டும் என்பது பாடநூல் கணக்கு. அளந்து பார்த்தால் இப்படி உள்ளே கசிவது அதைவிடப் பன்மடங்கு. குழியின் பீங்கான் சுவரில் மோதுவதாலா, வளையத்தைச் சுற்றி ஓடும் நுண்ணிய மின்புல அலைகள் தள்ளிவிடுவதாலா? எனக்கு அலைகள் மேல்தான் சந்தேகம் அதிகம். 1971 இறுதியில் ஏவப்பட்ட சோவியத் மெத்தியோர் செயற்கைக்கோளிலேயே இந்த உந்தி பறந்துவிட்டது. இன்றும் பல கணினி மாதிரிகளில் கசிவுக்கு ஓர் எண்ணைச் சோதனையோடு பொருந்தும்படி கையால் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் புது அளவில் ஓர் உந்தியை வடிவமைக்கும்போது பழைய எண் காலை வாரும்.

கசியும் ஒவ்வொரு எலக்ட்ரானும் உந்துவிசை தராமல் மின்சாரத்தைத் தின்கிறது. இன்னொரு தொல்லை, தரையில் சோதிக்கும் வெற்றிடக் கலனின் உலோகச் சுவர். எலக்ட்ரான்கள் அதன் வழியாகவும் ஒரு குறுக்குப் பாதை கண்டுபிடித்துவிடும். விண்வெளியில் அந்தச் சுவர் கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்