கழுத்துக்கு ஒரு கணக்கு, ஈரலுக்கு ஒரு கணக்கு

கேள்வி: எங்கள் வீடு ஏற்காட்டில். ஞாயிறுதோறும் சேலத்துக்கு இறங்கி அஸ்தம்பட்டியில் 2 கிலோ பிராய்லர் வாங்கி வருகிறோம். பிள்ளைகள் இருவருக்கும் லெக் பீஸும் போன்லெஸ்ஸும்தான் வேண்டும். கழுத்து, முதுகு, இறக்கை நுனி எல்லாம் குழம்பிலேயே கிடந்து கடைசியில் நாய்க்குப் போகிறது. ஈரல் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது, இரைப்பை ரப்பராக இழுக்கிறது. ஒரு தடவை ஈரல் கசந்து சட்டியோடு கொட்டினேன். கோழிக்கால் சூப் இரண்டு மணி நேரம் கொதித்தும் சாறு இறங்கவில்லை. மாமியாரோ, "எங்க ஊர்ல அதுக்குப் பாதி நேரம்கூட ஆகாது" என்கிறார். பிராய்லர் கழுத்தில் ஊசி போடுவார்கள், சாப்பிடக் கூடாது என்கிறார்களே, அது உண்மையா? கறி விற்கிற விலையில் எதையும் வீணாக்க மனசு வரவில்லை.

பதில்: உங்கள் மாமியார் சொல்வது சரிதான். நீங்கள் சூப் வைத்த விதத்திலும் பெரிய பிழை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை.

சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் கீழே சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், உங்கள் அடுப்பில் 95 டிகிரியிலேயே தளதளக்க ஆரம்பித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவைத்துப் பார்த்திருந்தால் இது உங்களுக்கே தெரிந்திருக்கும். கோழிக்காலில் இருக்கிற தோலும் நரம்பும் கரைந்து சாறாக இறங்க நல்ல சூடும் நேரமும் வேண்டும். சூட்டில் குறைந்ததை நேரத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்குப் பதில் குக்கரை எடுங்கள். மூடிய குக்கருக்குள் சூடு 120 டிகிரியை நெருங்கிவிடும், அங்கே மலையின் ஆட்டம் பெரிதாகச் செல்லாது. சேலத்துக் கணக்கோடு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும். விசிலை எண்ணாதீர்கள். ஒவ்வொரு குக்கரும் தன் இஷ்டத்துக்குக் கத்தும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். கீழே நான் சொல்லும் நிமிடங்கள் எல்லாம் ஏற்காட்டுக் கணக்கு.

ஈரல், இரைப்பை, கழுத்து மூன்றிலும் நடந்தது ஒரே தவறுதான். மூன்று ஊருக்குப் போகிறவர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். ஈரலுக்கு ஐந்து நிமிடமே அதிகம். நெஞ்சுக்கறிக்குக் கால் மணி நேரம். இரைப்பையோ, கோழி உயிரோடு இருந்தவரை தீவனத்தை அரைத்துக்கொண்டே இருந்த தசை. அது குக்கருக்குள் போகாமல் இளகாது. எல்லாவற்றையும் ஒரே குழம்பில் போட்டால் ஈரல் மாவாகும், இரைப்பை விறைத்தபடி கிடக்கும், கழுத்தில் இருக்கிற கறி எலும்பை விட்டு வராது. பிள்ளைகள் தொடாததில் ஆச்சரியம் என்ன?

ஆகவே வேலை கடையிலேயே ஆரம்பிக்கிறது. "குழம்புக்கு வெட்டுங்க" என்று பொதுவாகச் சொன்னால் முதுகெலும்பையும் சேர்த்துச் சின்னச் சின்னதாகக் கொத்திவிடுவார்கள். எலும்புச் சில்லு வாயில் குத்தும். கத்தி வைக்கும் முன்பே சொல்லுங்கள்: கழுத்து முழுசாக, முதுகு மூன்று துண்டாக, ஈரலும் இரைப்பையும் தனிப் பையில். தோலையும் கேட்டு வாங்குங்கள். உயிரெடை 2 கிலோ இருந்த கோழி தோல் உரித்துக் கைக்கு வரும்போது சுமார் 1.3 கிலோதான் தேறும். தோலுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தீர்கள்? அடுத்தவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன கழுத்தையும் காலையும் கடைக்காரர் சல்லிசாகவே தருவார், கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு டப்பாவில் ஐஸ் கொண்டு போவதும் அவசியம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு சேர்வதற்குள் ஏப்ரல், மே வெயிலில் காருக்குள் கறி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதுகுத் துண்டுகளின் உட்பக்கத்தைப் பாருங்கள். எலும்புப் பள்ளங்களில் கருஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது நுரையீரலும் சிறுநீரகமும். கட்டைவிரலால் நெம்பி எடுத்துவிடுங்கள். சூப் கலங்குவதற்கும் கவிச்சி அடிப்பதற்கும் பாதிக் காரணம் அதுதான். கழுத்தில் மூச்சுக்குழலும் இரைக்குழலும் இருந்தால் உருவிவிடுங்கள். குழாயடியில் நேராகப் பிடித்துக் கழுவ வேண்டாம். தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் பக்கத்தில் இருக்கிற கொத்தமல்லிக் கட்டு வரை போய்ச் சேரும். ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் மஞ்சளும் போட்டு அலசி எடுங்கள், பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேயுங்கள்.

ஈரல் கசந்தது மசாலாவால் அல்ல. ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பை உடைந்திருக்கும். நான் சமையல் வேலைக்கு வந்த புதிதில் ஒரு காதுகுத்து விருந்தில் இதே தவறைச் செய்தேன். கழுவினால் போய்விடும் என்று நினைத்து எல்லா ஈரலோடும் கலந்துவிட்டேன். ஒரு அண்டா ஈரல் போயிற்று, பேச்சு வாங்கியது தனி. பச்சை பட்ட இடத்தைக் கழுவாதீர்கள், கத்தியால் வெட்டி எறியுங்கள். மற்றதைப் பெரிய துண்டாகவே விட்டு, ஈரம் ஒற்றி, சூடான கல்லில் எண்ணெய் விட்டு ஒரு பக்கம் இரண்டு நிமிடம், மறுபக்கம் இரண்டு நிமிடம். ஒன்றை வெட்டிப் பார்த்தால் நடுவில் ரத்தம் இருக்கக் கூடாது. உங்கள் மலையில் விளைகிற மிளகு வீட்டில் இல்லாமலா இருக்கும்? அதைக் கொரகொரப்பாக இடித்துத் தூவி, உப்புப் போட்டு இறக்குங்கள். வெங்காயம் வதக்குவதாக இருந்தால் தனியாக வதக்கி மேலே சேருங்கள், ஈரலைக் காக்க வைக்காதீர்கள்.

கோழி ஈரலில் 100 கிராமுக்குச் சுமார் 9 மில்லிகிராம் இரும்புச் சத்து உண்டு. சோகை இருக்கும் வீட்டில் அது பெரிய விஷயம். அதே ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் ஈரல், இரைப்பை இரண்டையுமே ஒதுக்குவது நல்லது.

இப்போது இரைப்பை. எனக்குக் கோழியிலேயே பிடித்த பாகம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வெட்டிப் பிளந்தால் உள்ளே மஞ்சளாக, சுருக்கம் விழுந்த தோல் இருக்கும். நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி இழுத்தால் மொத்தமாக உரிந்து வரும். கடையில் உரித்துத் தந்தாலும் ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கசக்கும், மண்ணும் நறநறக்கும். இரண்டிரண்டாக வெட்டி, உப்பு, மஞ்சள், அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் 20 நிமிடம். கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

இதற்குப் பள்ளிபாளையம் சிக்கன் முறையை மிஞ்ச வேறு எதுவும் இல்லை. பள்ளிபாளையம் இப்போது நாமக்கல் மாவட்டம் என்றாலும் 1997 வரை நம் சேலத்தோடு இருந்த ஊர்தான். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. நல்லெண்ணெயில் கிள்ளிய வரமிளகாயை விதை உதறிப் போட்டு, நிறம் மாறியதும் இரண்டு கை நிறையச் சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் வெந்த இரைப்பையையும் அந்தத் தண்ணீரையும் ஊற்றிச் சுண்டவிடுங்கள். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும்போது பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைச் சேர்த்து மேலும் ஐந்து நிமிடம் புரட்டுங்கள். தேங்காயும் இரைப்பையும் வாயில் ஒரே பதத்தில் கடிபட வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டால் உங்கள் பிள்ளைகள் இது என்ன பாகம் என்று கேட்கவே மாட்டார்கள்.

கழுத்து, முதுகு, இறக்கை நுனி மூன்றையும் குழம்பில் போடுவதை விட்டுவிடுங்கள். இவை சாறு வைக்கப் பிறந்தவை. அரைக் கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், இஞ்சி, நாலு பல் பூண்டு, கொஞ்சம் மிளகு சீரகம், குக்கரில் கால் மணி நேரம். வடிகட்டினால் சாறு ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம். ஆறிய பிறகு கழுத்திலிருந்தும் முதுகிலிருந்தும் கறியை விரலால் உதிருங்கள். பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும், உதிர்த்தால் ஒரு கிண்ணம் தேறும். சின்ன எலும்பு இருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பாருங்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறோம். முட்டைப் பொரியலில் கலக்கலாம், தோசைக்குள் வைக்கலாம். மிச்சப் பரோட்டா இருந்தால் கொத்திப் போடுங்கள், போன்லெஸ் கேட்கிற பிள்ளைகளுக்கு இதுவும் போன்லெஸ்தான்.

சாற்றைத் தண்ணீருக்குப் பதிலாக எதிலும் ஊற்றலாம். நான் அதிகம் செய்வது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்குக் குழம்பு. கிழங்கைத் தோல் சீவி நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு வதக்கிய சின்ன வெங்காயம், தக்காளி, மல்லித்தூளோடு இந்தச் சாற்றை ஊற்றி, கிழங்கைச் சேர்த்து ஒரு கொதி. குளிர் அடிக்கிற ராத்திரியில் ஏற்காட்டில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

கோழிக்காலைக் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்தால் மஞ்சள் தோல் கையுறை மாதிரி கழன்று வரும். நகத்தை முதல் கணுவோடு வெட்டுங்கள். எட்டுக் காலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குக்கரில் அரை மணி நேரம். மிஞ்சிய சூப்பை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் பாருங்கள். அல்வா போல ஆடினால் சாறு இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இதை மூட்டு வலிக்கு மருந்து என்று சொல்லி உங்கள் மாமியாருக்குக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கிற புரதமும் குடலில் மற்றப் புரதம் மாதிரிதான் செரிக்கும். எலும்பு சூப்பில் சுண்ணாம்புச் சத்தும் நாம் நினைக்கிற அளவுக்கு இறங்குவதில்லை. ருசிக்காகக் குடிக்கட்டும்.

தோலைச் சிறுசாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல், இரண்டு கரண்டி தண்ணீரோடு ஆறின சட்டியில் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றிக் கொழுப்பு உருகி, இருபது நிமிடத்தில் தோல் மொறுமொறுவென்று ஆகும். தயிர் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். உருகிய கொழுப்பை வடித்து வைத்தால் தாளிக்க ஆகும், ஆனால் இதயக் கோளாறு உள்ளவர்கள் தொட வேண்டாம்.

கழுத்து ஊசிக் கதைக்கு வருவோம். பிராய்லர் வளர்ச்சி ஊசி போட்டு வருவதில்லை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும் வருகிறது. பொரிப்பகத்தில் ஒரு நாள் குஞ்சுக்குக் கழுத்துத் தோலுக்கடியில் தடுப்பூசி போடும் வழக்கம் உண்டு, வதந்தி அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். நோய்க்கான தடுப்பு மருந்துதான் அது, ஆறு வாரம் கழித்து வெட்டுகிற கோழியின் கழுத்தில் தங்கியிருக்கும் என்று பயப்பட வேண்டாம்.

வாரம் ஒரு கோழி என்றால் சாறு வைக்கிற அளவுக்குக் கழுத்தும் முதுகும் சேராது. வாங்கிய அன்றே ஃப்ரீசரில் போட்டு, பையில் தேதி எழுதி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை சாறு வையுங்கள். கரண்ட் நெடுநேரம் போய்க் கறி முழுக்க இளகிக் கொழகொழத்துவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள். குளிர்ச்சி விடாமல் இருந்தால் அன்றைக்கே சமையுங்கள், வெதுவெதுப்பாகிவிட்டால் கொட்டிவிடுங்கள். வைத்த சாற்றையும் அடுப்படியிலேயே ராத்திரி முழுக்க விடக் கூடாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றித் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் சீக்கிரம் ஆறும், ஆறியதும் ஃபிரிட்ஜ்.

இன்னும் செலவைக் குறைக்க வேண்டுமானால், முட்டை இடுவது ஓய்ந்த லேயர் கோழி கிடைக்கிறதா என்று கேளுங்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் சேலத்துக்கு அது வராமல் இருக்காது. கறி கெட்டி, வறுவலுக்கு ஆகாது. ஆனால் குக்கரில் 35 நிமிடம் வைத்தால் பிராய்லரில் வராத மணம் குழம்பில் வரும்.

கடைசியாக உங்கள் நாய். குழம்பில் வெந்த எலும்பை இனிமேல் போடாதீர்கள். வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும், வெங்காயமும் நாய்க்கு ஆகாது. அதற்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு துண்டு கழுத்தை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் தனியாக வேகவைத்து, எலும்பு நீக்கிச் சோற்றில் பிசைந்து வையுங்கள்.