மே மாதத்தில் ஆங்கில ஆசிரியர் எதைப் படிக்கலாம்?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடத்தை வாசிக்கவே வரவில்லை. வாசிக்கிறவர்களும் அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள். இந்தக் கோடை விடுமுறையில் தொழிலுக்கு உதவும் புத்தகங்களைப் படிக்கலாம் என்று இணையத்தில் தேடினால் பன்னிரண்டு, பதினைந்து என்று பட்டியல் வருகிறது. பெரும்பாலும் அமெரிக்கப் புத்தகங்கள், விலையும் கட்டுப்படியாகவில்லை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பதினைந்து வேண்டாம். இரண்டு புத்தகம், இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிறு அறிக்கை, கொஞ்சம் கதைகள். ஒரு மே மாதத்துக்கு இதுவே நிறைய. ஆனால் புத்தகத்தைத் தேடுவதற்கு முன், எந்தச் சிக்கலுக்காகப் படிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. வாசிக்க வராதது ஒன்று, வாசித்தும் புரியாதது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு.

வாசிப்பைப் பற்றி ஆராய்ந்த கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் ஒரு எளிய கணக்கைச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறனையும், காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்புத் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

இதைச் சோதிக்கப் பள்ளி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கிடைத்தால் போதும். அவர்கள் பார்த்திராத நூறு சொல் பத்தி ஒன்றை எடுங்கள். முதலில் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். பிறகு அதே பத்தியை நீங்கள் நிதானமாக வாசித்துக்காட்டி, புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன நடந்துச்சு, சொல்லு" என்று தமிழில் கேளுங்கள். தான் வாசிக்கும்போது தடுமாறிய பிள்ளை, நீங்கள் வாசித்துக் கேட்டதும் கதையைச் சொல்லிவிட்டால், தடை எழுத்தில்தான் இருக்கிறது. கடகடவென்று வாசித்த பிள்ளைக்கு, நீங்கள் வாசித்துக்காட்டியும் ஒன்றும் விளங்கவில்லை என்றால், தடை மொழியில் இருக்கிறது. இரண்டிலும் தடுமாறுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு வைத்தியமும் சேர்ந்து நடக்க வேண்டும்.

எழுத்துத் தடைக்குத் தடித்த புத்தகம் தேவையில்லை. தமிழில் 'கா' என்று எழுதினால் எந்தச் சொல்லிலும் அதன் உயிரொலி 'ஆ'தான். அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளைக்கு, கேட் (cat), கேக் (cake), கால் (call) மூன்றிலும் 'ஏ' (a) என்ற ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிப்பது பெரிய அதிர்ச்சி. ஆங்கிலத்தின் 44 ஒலிகளையும், ஒவ்வொன்றையும் எழுதும் முறைகளையும், எதற்குப் பின் எது என்ற வரிசையோடு தரும் எந்த நல்ல ஃபோனிக்ஸ் கையேடும் உதவும். வரிசை இல்லாமல் படமும் பாட்டுமாக நிரப்பியிருந்தால் வாங்காதீர்கள்.

மொழித் தடைக்குத்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நான் முதலில் கையில் கொடுப்பது என்.எஸ்.பிரபுவின் 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி'. 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. பிரபு சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை, பெங்களூரில் உள்ள தென்னிந்திய ஆங்கில நிறுவனத்தை மையமாக வைத்து, நம் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில், நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகளிடம் அவர் நடத்திய சோதனையின் கதை அது. உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் பேசப்படுகிறது. நம் ஆசிரியர்களில் பலர் அதைக் கையில் எடுத்ததே இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். பின்னிணைப்பில் வகுப்பில் நடந்த பாடங்களை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார், பயிற்சி வகைகளின் பட்டியலும் இருக்கிறது. அங்கே தொடங்கிப் பின்னால் கோட்பாட்டுக்குப் போங்கள். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் இலக்கணம் படிக்கவில்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கணக்குப் போட்டார்கள். உங்கள் வகுப்பில் அது எப்படி இருக்கும்? கரும்பலகையில் மூன்று பேருந்துகளை எழுதுகிறீர்கள்: 6.10-க்குக் கிளம்பி 8.40-க்குச் சேருவது, 7.00-க்குக் கிளம்பி 9.05-க்குச் சேருவது, 7.30-க்குக் கிளம்பி 10.15-க்குச் சேருவது. எது சீக்கிரம் சேருகிறது, எது குறைந்த நேரம் எடுக்கிறது என்று எல்லோரிடமும் ஆங்கிலத்தில் கேட்டு, எல்லோரும் பார்க்க விடை காண்கிறீர்கள். பிறகு கொஞ்சம் இறுக்குகிறீர்கள்: தேர்வு 9.30-க்கு, பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிக்கு இருபது நிமிட நடை, கடைசியாக எந்தப் பேருந்தைப் பிடித்தால் போதும்? இதுவும் எல்லோரும் சேர்ந்து செய்வதுதான். அதன்பிறகு வேறொரு அட்டவணையைக் கொடுத்து ஒவ்வொருவரையும் தனியாகச் செய்யச் சொல்கிறீர்கள். விடை வேண்டும் என்ற ஆவலில் பிள்ளை உங்கள் ஆங்கிலக் கேள்வியை உற்றுக் கேட்கிறான். அந்த உற்றுக் கேட்டலில்தான் மொழி உள்ளே இறங்குகிறது என்பது பிரபுவின் வாதம். பயிற்சி எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கும் கையடக்கமான ஓர் அளவு வைத்திருக்கிறார்: வகுப்பில் பாதிப் பேர், பயிற்சியில் பாதியையாவது சரியாகச் செய்ய முடிந்தால் அது சரியான சவால். உங்கள் ஏழாம் வகுப்புக்கு இந்த அளவுகோல் கச்சிதமாகப் பொருந்தும்.

பிரபுவை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. இலக்கணத்தை அறவே ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, நம் தேர்வு முறையும் விடாது. அதனால்தான் இரண்டாவதாக பால் நேஷன் எழுதிய 'வாட் ஷுட் எவ்ரி இ.எஃப்.எல். டீச்சர் நோ' (2013). இ.எஃப்.எல். என்றால் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பது. நேஷன் நியூசிலாந்துக்காரர், சொல்வளம் கற்பித்தலில் பெரிய பெயர். இந்த நூலின் ஆங்கிலம் எளிமை, பாட்டி சொல்வதுபோல் நேராகப் பேசும். மொழி வகுப்பின் நேரத்தை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார்: புரிந்துகொள்ளக் கேட்பதும் படிப்பதும், சொல்ல நினைப்பதைப் பேசுவதும் எழுதுவதும், சொல்லையும் இலக்கணத்தையும் நேரடியாகப் படிப்பது, தெரிந்ததையே வேகமாகச் செய்து சரளம் பெறுவது. நான்குக்கும் ஏறத்தாழச் சம நேரம்.

அந்தப் பகுதியைப் படித்ததும் போன வருடப் பாடக் குறிப்பேட்டை எடுத்து வையுங்கள். ஏதாவது ஒரு வாரத்தின் ஆங்கிலப் பாடவேளைகளை இந்த நான்கில் பங்கு போட்டுப் பாருங்கள். வரிக்கு வரி தமிழில் அர்த்தம் சொல்வது, கேள்வி பதில் எழுதிப்போடுவது, இலக்கணம் எல்லாமே மூன்றாவது பங்கில் போய் விழும். நான்காவது பங்கு அநேகமாகக் காலியாக இருக்கும். ஜூனில் எதை மாற்றுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

நேஷனிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். துணையில்லாமல் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு சொல்தான் புதிதாக இருக்கலாம். ஏழாம் வகுப்புப் பாடத்தில் நூறு சொல் எண்ணி, உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாததை அடிக்கோடிட்டுப் பாருங்கள். இருபது வந்தால், அவர்கள் முழிப்பதற்குச் சோம்பல் காரணமில்லை என்று புரியும்.

இலவச அறிக்கை என்றேனே, அது என்.சி.இ.ஆர்.டி. 2006-இல் வெளியிட்ட ஆங்கிலக் கற்பித்தல் பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை. பேராசிரியர் ஆர்.அமிர்தவல்லி தலைமையிலான குழு எழுதியது. பிள்ளைக்குப் புரியக்கூடிய மொழி வகுப்பில் நிறையக் கிடைக்க வேண்டும், அவன் கொண்டுவரும் தாய்மொழி தடையல்ல, மூலதனம் என்கிறது. அவர்கள் இணையதளத்தில் பி.டி.எஃப். இருக்கிறது, இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். வகுப்பில் தமிழ் பேசுவதற்கே குற்ற உணர்ச்சி கொள்ளும் ஆசிரியர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும்.

நீங்கள் பார்த்த அமெரிக்கப் பட்டியல்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான்சி அட்வெல் 1987-இல் எழுதிய 'இன் தி மிடில்' அந்த வயதுப் பிள்ளைகளின் மனதை அருமையாக அறிந்த புத்தகம். 2015-இல் முதல் உலக ஆசிரியர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் அவருடைய மாணவர்கள் பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள், வகுப்பறைக்குள்ளேயே நூலகம் உள்ளவர்கள். பிள்ளை தானே தேர்ந்தெடுத்த புத்தகத்தைப் படிக்க வகுப்பிலேயே நேரம் கொடுப்பது என்ற அவருடைய மையக் கருத்தை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் புத்தகம் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

அந்தக் கருத்து நம்மைப் போன்ற சூழலிலும் பலித்திருக்கிறது. ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில், வீட்டில் வேறு மொழி பேசும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வு அது. வழக்கமான பாடப் பயிற்சியில் இருந்தவர்களைவிடக் கதைப் புத்தகம் படித்தவர்கள் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வெகுவாக முந்தினார்கள்.

250 புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஏராளமான கதைகள் இலவசமாக, நான்கு படிநிலைகளில் இருக்கின்றன. இறக்கிக்கொள்ளலாம், அச்சிடவும் அனுமதி உண்டு. மே மாதத்தில் தினமும் ஐந்தாறு கதைகளை நீங்களே படியுங்கள். இதையும் தொழில்முறை வாசிப்பாகவே கணக்கில் வையுங்கள், ஏனென்றால் எந்தக் கதை எந்தப் பிள்ளைக்கு என்று தெரிந்தவர்தான் புத்தகத்தைச் சரியான கையில் கொடுக்க முடியும். முதல் இரண்டு படிநிலைகளில் முப்பது கதைகளை வடிகட்டி, ஜெராக்ஸ் எடுத்துப் பின்னடித்து வைத்துக்கொண்டால் ஜூனில் வகுப்பு நூலகம் தயார்.

புத்தகங்களை வாங்குவதற்கு முன் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். சென்னைப் பக்கம் வர நேர்ந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் உட்காரலாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது, படித்ததைப் பேச ஆள் கிடைக்கும்.

படிக்கும்போது ஏழாம் வகுப்பு முதல் பருவப் புத்தகம் பக்கத்தில் திறந்தே இருக்கட்டும். நோட்டின் இடப்பக்கத்தில் நூல் சொன்னது, வலப்பக்கத்தில் அதை எந்தப் பாடத்தில் செய்யப் போகிறீர்கள் என்பது. வலப்பக்கம் காலியாகவே போகும் அத்தியாயத்தைத் தயங்காமல் தாண்டுங்கள். மே 20-க்கு மேல் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். மீதி நாட்களில் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போய் நேர அட்டவணையைப் படம் எடுத்து வந்து, முதல் வாரத்துக்கான நான்கு பயிற்சிகளை எழுதி முடியுங்கள்.